புதிய இயங்குதளத்துக்கு மாறலாமா? முதன்முறை முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கணினித் திரையின் ஓரத்தில் புதிய பதிப்பு தயாராக இருக்கிறது என்ற அறிவிப்பு வந்ததும், சிலர் கொஞ்சமும் தாமதிக்காமல் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். வேறு சிலரோ அந்தப் பெட்டியை மாதக்கணக்கில் மூடிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். இரண்டு வழக்கங்களிலும் ஆபத்து உண்டு. கணினியில் உள்ள கோப்புகள், மென்பொருள்கள், பிரிண்டர், ஸ்கேனர், சேமித்துவைத்த கடவுச்சொற்கள் என எல்லாமே கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தின் மேல்தான் நிற்கின்றன. எனவே அதை மாற்றினால் எது எது பாதிக்கப்படும் என்பதை நிறுவிய பிறகு கண்டுபிடித்துத் தவிப்பதைவிட, நிறுவுவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது. அந்தச் சரிபார்ப்பை எந்த வரிசையில் செய்வது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. விண்டோஸ் பயன்படுத்துவோரே மிகுதி என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

புதிய பதிப்பு அழகாக இருக்கிறதா, வேகமாக இருக்கிறதா, அதில் என்னென்ன புது வசதிகள் உண்டு என்பவையெல்லாம் கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள். உங்களிடம் இப்போது இருக்கும் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்தத் தேதி வரை வரும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்தத் தேதி தொலைவில் இருந்தால் பொறுமையாக இருக்கலாம். நெருங்கிவிட்டால் தயாராகத் தொடங்க வேண்டும். கடந்தே போய்விட்டது என்றால் மாறுவதா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இடமில்லை. எப்படி மாறுவது, எதற்கு மாறுவது என்பவை மட்டுமே மிச்சம்.

படி 1: உங்களிடம் இருப்பது எது, அதற்கு எதுவரை ஆதரவு உண்டு

விண்டோஸில் செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம் என்ற பகுதிக்குள் அபௌட் என்ற பக்கத்துக்குப் போனால் நான்கு விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும்: விண்டோஸ் 10 அல்லது 11 என்ற பெயர், ஹோம் அல்லது புரோ என்ற வகை, 22எச்2 என்பது போன்ற உள்பதிப்பு எண், 32 பிட்டா 64 பிட்டா என்பது. நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொன்றும் தேவைப்படும். மேக்கில் ஆப்பிள் மெனுவின் முதல் வரியான அபௌட் திஸ் மேக் என்பதைச் சொடுக்கினால் கணினி வெளியான ஆண்டும் இயங்குதளப் பதிப்பும் தெரியும்.

அடுத்தது தேதி. 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்கு முன் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், 8.1க்கு 2023 ஜனவரி 10 அன்றும் முடிந்திருந்தது. விண்டோஸ் 11க்கு மாறிவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆண்டுக்கொரு முறை வரும் அதன் உள்பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஹோம், புரோ வகைகளில் 24 மாதங்கள்தான் ஆதரவு. அதற்குள் அடுத்த உள்பதிப்புக்கு நகர்ந்தாக வேண்டும். உள்பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொன்னது இதனால்தான்.

ஆப்பிள் நிறுவனம் மேக் இயங்குதளத்துக்கு முடிவுத் தேதியை முன்கூட்டி அறிவிப்பதில்லை. நடைமுறையில் கடைசியாக வந்த மூன்று பதிப்புகளுக்குத் திருத்தங்கள் தருகிறது. ஆனால் அறியப்பட்ட எல்லாக் குறைகளும் புதிய பதிப்பில் மட்டுமே முழுமையாகச் சரிசெய்யப்படும் என்பதை அந்த நிறுவனமே தெளிவுபடுத்தியிருக்கிறது. இன்டெல் புராசசர் உள்ள மேக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் குறித்துக்கொள்ள வேண்டும்: 2025 செப்டம்பரில் வந்த டாஹோ, அதாவது பதிப்பு 26, இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு, அதிலும் 2019, 2020 ஆண்டுகளின் சில மாடல்கள் மட்டுமே இடம்பெறுகின்றன.

லினக்ஸ் உலகில் தேதிகள் வெளிப்படையானவை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வெளியாகி ஐந்தாண்டுகள் திருத்தம் பெறுகின்றன. இடையில் வரும் மற்றப் பதிப்புகளுக்கு ஒன்பது மாதங்களே ஆயுள். புதிதாக வருபவர்கள் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தவிர வேறெதையும் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான பரிந்துரை.

ஆதரவு முடிந்த பிறகும் தொடர்ந்தால் என்ன நடக்கும்

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறான முடிவுகள் பலவும் இங்கேதான் பிறக்கின்றன. ஆதரவு முடிந்த மறுநாள் காலையில் கணினி வழக்கம்போலவே இயங்கும். அடுத்த மாதமும் இயங்கும். ஒன்றும் ஆகவில்லையே என்ற நம்பிக்கை மெல்ல வேரூன்றும். ஆனால் திரைக்குப் பின்னால் நிலைமை மாதந்தோறும் மோசமாகிக்கொண்டே போகும்.

காரணம் இதுதான். ஒரு நிறுவனத்தின் பழைய இயங்குதளமும் புதிய இயங்குதளமும் நிரல்வரிகளைப் பெருமளவு பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் திருத்தங்களை வெளியிடும்போது, தாக்குபவர்கள் திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதே ஓட்டை ஆதரவு முடிந்த பதிப்பிலும் இருக்கிறது. அங்கே அதை அடைக்க யாரும் வரப்போவதில்லை. இப்படி, புதிய பதிப்புக்கு வரும் ஒவ்வொரு திருத்தமும் பழைய பதிப்பைத் தாக்குவதற்கான குறிப்பாகவும் ஆகிவிடுகிறது.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கி ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு நிரலை இங்கே நினைவுகூர வேண்டும். பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளின் சிகிச்சை நேரங்களே ரத்தாயின. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். அவற்றில் திருத்தத்தை நிறுவாமல் விட்டிருந்தார்கள். ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பி பதிப்புக்கோ தாக்குதல் நடந்த பிறகுதான், அதுவும் விதிவிலக்காக, திருத்தம் வழங்கப்பட்டது. ஆகவே ஆதரவு உள்ள பதிப்பை வைத்திருந்தால் போதாது, வரும் திருத்தங்களை நிறுவியும் வர வேண்டும்.

நல்ல வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மென்பொருள் இயங்குதளத்தின் மேல் இயங்குவது. அடித்தளத்தில் உள்ள ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. தவிர, காலப்போக்கில் மற்ற மென்பொருள்களும் பழைய பதிப்பைக் கைவிடும். விண்டோஸ் 7லும் 8.1லும் இயங்கிய கடைசி கூகுள் குரோம் 109ஆம் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் அவற்றில் நிறுவ முடியவில்லை. இணையத்தில் உலவும் கருவியே பழையதாகிவிட்டால், வங்கிக் கணக்கைத் திறப்பதற்கும் மின்னஞ்சல் பார்ப்பதற்கும் அந்தக் கணினி ஏற்றதல்ல.

ஒரேயொரு விதிவிலக்கை நான் ஏற்பேன். ஏதோ ஒரு பழைய அளவைக் கருவியையோ தையல் இயந்திரத்தையோ இயக்குவதற்காக மட்டும் ஒரு கணினி இருக்கிறது, அது எந்த இணைய இணைப்பிலும் இல்லை, அதில் பென் டிரைவ் செருகுவதும் அரிது என்றால், அதை அப்படியே விட்டுவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் கெடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

படி 2: உங்கள் கணினி புதியதை ஏற்குமா

விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் விதித்துள்ள குறைந்தபட்சத் தேவைகளில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், 64 பிட் இரட்டை மைய புராசசர் ஆகியவை பெரும்பாலான கணினிகளில் இருப்பவையே. சிக்கல் வேறு மூன்று இடங்களில் வருகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். தொடங்கும்போது நம்பகமான நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதியுள்ள, யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் கணினி தொடங்க வேண்டும். புராசசர் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல்லில் பொதுவாக 2017இல் வந்த 8ஆம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளை நிறுவி ஒரு பொத்தானை அழுத்தினால், கணினி தகுதி பெறுகிறதா, இல்லையென்றால் எந்தத் தேவையில் தவறுகிறது என்று வரிவரியாகச் சொல்லிவிடும்.

தகுதி இல்லை என்று வந்தவுடன் மனம் தளர்ந்து புதுக் கணினி வாங்கப் புறப்பட்டுவிடாதீர்கள். முடிவைக் கவனமாகப் படியுங்கள். புராசசர் தேறி, டிபிஎம் மட்டும் இல்லை என்று காட்டினால், பெரும்பாலும் அந்த வசதி கணினிக்குள் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள். கணினியைத் தொடங்கும்போது எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தி கணினியின் தொடக்க அமைப்புகள் உள்ள பயாஸ் பக்கத்துக்குள் நுழைந்தால், இன்டெல் கணினிகளில் பிடிடி என்றும் ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் ஒரு வரி இருக்கும். அதை இயக்கிச் சேமித்துவிட்டு மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.

செக்யூர் பூட் தொடர்பான தடங்கல் இன்னும் கொஞ்சம் நுட்பமானது. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் பயாஸ் மோட் என்ற வரிக்கு எதிரே லெகஸி என்று இருந்தால் உங்கள் கணினி பழைய முறையில் தொடங்குகிறது. பயாஸுக்குள் போய் அதை யுஇஎஃப்ஐ என்று மாற்றிவிட்டால் போதும் என்று தோன்றும். அப்படி மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடும், ஏனென்றால் வட்டு எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறையில் இருக்கும். முதலில் வட்டை ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும்; அதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் காப்பு நகல் எடுக்காமல் இதைத் தொடவே கூடாது. கட்டளைவரியில் பழக்கம் இல்லாதவர்கள் விவரம் அறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

புராசசரே பட்டியலில் இல்லை என்றால் அமைப்பை மாற்றிச் சரிசெய்ய வழியில்லை. தேவைகளைத் தாண்டிக்குதித்து விண்டோஸ் 11ஐ நிறுவும் குறுக்கு வழிகள் உலவுகின்றன. அப்படி நிறுவப்பட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. தவிர, 24எச்2 உள்பதிப்பு முதல் சில கட்டளைத் தொகுதிகள் இல்லாத மிகப் பழைய புராசசர்களில் விண்டோஸ் 11 தொடங்குவதே இல்லை. பாதுகாப்புத் திருத்தங்களுக்காகத்தான் மாறுகிறோம் எனும்போது, அந்தத் திருத்தங்களே உறுதியில்லாத நிலைக்கு மாறுவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

தகுதி பெற்ற கணினியிலும் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். 4 ஜிபி ரேம் என்பது நிறுவுவதற்கான அளவு. நிம்மதியாக வேலை செய்வதற்கான அளவு அல்ல. உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்துவைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு 8 ஜிபி வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் எந்தப் புதிய இயங்குதளத்தை நிறுவினாலும் அது தவழத்தான் செய்யும். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்பே ஹார்ட் டிஸ்க்கை, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியாக மாற்றிவிட்டால், பல பழைய கணினிகளில் வேகக் குறை என்ற புகாரே மறைந்துவிடும். மெதுவாக இருக்கிறது என்பதுதான் நீங்கள் மாற நினைப்பதற்கான ஒரே காரணம் என்றால், முதலில் இதைச் செய்து பாருங்கள்.

படி 3: அன்றாடம் பயன்படுத்துபவை அங்கே இயங்குமா

ஒரு வாரத்துக்கு, நீங்கள் கணினியில் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளையும் செருகும் ஒவ்வொரு கருவியையும் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். நினைவிலிருந்து எழுதும் பட்டியலில் எப்போதும் ஏதாவது விடுபடும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் திறக்கும் கணக்கு மென்பொருளோ, தட்டச்சு செய்ய வைத்திருக்கும் விசைப்பலகை மென்பொருளோ, சிறப்பு எழுத்துருக்களோ கடைசியில்தான் நினைவுக்கு வரும். பட்டியல் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் அதைத் தயாரித்தவரின் தளத்துக்கே போய், புதிய இயங்குதளத்தின் பெயர் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மென்பொருளைவிட அதிகம் தொல்லை தருபவை கருவிகள்தாம். ஒரு பழைய ஸ்கேனரை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை, கண்ணாடியும் விளக்கும் நன்றாக இருக்கின்றன. ஆனால் அதைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தயாரிப்பாளர் 32 பிட் விண்டோஸுக்கு மட்டுமே எழுதிவிட்டு நிறுத்திவிட்டார். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் இயங்குதளம். 32 பிட் மென்பொருள்களை அது ஏற்றுக்கொண்டாலும் 32 பிட் டிரைவர்களை ஏற்பதில்லை. விளைவு, யுஎஸ்பி கம்பியைச் செருகினால் ஒரு கருவி செருகப்பட்டிருக்கிறது என்பது மட்டும் கணினிக்குத் தெரியும்; ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடினால் ஐந்தே நிமிடத்தில் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். சில நேரங்களில் பொதுவான டிரைவர்களைக் கொண்டு பல மாடல்களை இயக்கும் மாற்று ஸ்கேன் மென்பொருள்கள் கைகொடுக்கும். அதையும் மாறுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதல் படியில் 32 பிட் என்று குறித்திருந்தீர்கள் என்றால் இன்னொரு விளைவும் உண்டு. 32 பிட் விண்டோஸ் 10இலிருந்து கோப்புகளையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்துக்கொண்டு 11க்கு ஏற முடியாது. வட்டைத் துடைத்துப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். விண்டோஸ் 7இலிருந்து நேரடியாக 11க்கு வருபவர்களுக்கும் இதுவே நிலை. மேக் வைத்திருப்பவர்கள், 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலேயே 32 பிட் மென்பொருள்களுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டதை மனத்தில் கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய மொஹாவியிலேயே தங்கியிருப்பவர்களில் பலர் அந்த ஒரு காரணத்துக்காகத்தான் தங்கியிருக்கிறார்கள்.

படி 4: முடிவெடுத்தல்

இந்த மூன்று படிகளும் முடிந்ததும் முடிவு பெரும்பாலும் தானாகவே கண்முன் வந்து நிற்கும். ஆதரவுத் தேதி கடந்துவிட்டது, கணினி தகுதியானது, பட்டியலில் உள்ளவை எல்லாம் இயங்கும் என்றால் மாறிவிடுங்கள். தயங்குவதற்குக் காரணமே இல்லை. ஆதரவு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கிறது, இப்போதைய கணினியில் எந்தக் குறையும் இல்லை என்றால், புது வசதி ஒன்று உங்களுக்கு மெய்யாகவே தேவைப்பட்டால் ஒழிய அவசரப்படத் தேவையில்லை.

கணினி தகுதி பெறாத நிலைதான் கடினமானது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் முதன்முறையாகத் தனிப்பயனர்களுக்கும் திறந்துவிட்டது. உள்பதிப்பு 22எச்2 ஆக இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாகப் பதிந்துகொண்டால், அது 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தரும். இதில் புது வசதிகள் எதுவும் வராது. இது அவகாசம் மட்டுமே; அந்த அவகாசத்தில் அடுத்த ஏற்பாட்டைச் செய்துமுடிக்க வேண்டும்.

அந்த அடுத்த ஏற்பாடு லினக்ஸாகவும் இருக்கலாம். இணையத்தில் உலவுவது, மின்னஞ்சல், கடிதம் தட்டச்சு செய்வது, படம் பார்ப்பது ஆகியவையே உங்கள் வேலைகள் என்றால், பழைய கணினிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு அதன் முகப்பு அன்னியமாகத் தோன்றாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவாமலே அதைச் சோதித்துப் பார்க்கலாம். பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் வட்டில் உள்ள எதையும் தொடாமல் முழு இயங்குதளமும் திரையில் வந்துவிடும். அந்த நிலையிலேயே வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா, லேப்டாப்பை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், அடோபி மென்பொருள்கள் போன்றவை அதில் நேரடியாக இயங்காது. ஆபீஸுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலான கோப்புகளைத் திறக்கும் என்றாலும் சிக்கலான வடிவமைப்புகள் இடம் மாறக்கூடும். பிழைப்பே அந்த மென்பொருள்களில்தான் என்றால் லினக்ஸ் உங்களுக்கானதல்ல. வேறு கணினிக்குத் திட்டமிடுவதே முறை.

எப்போது மாறுவது

புதிய பெரும்பதிப்பு வெளியான முதல் வாரத்திலேயே ஏறுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பெரும்புதுப்பிப்பு, சில பயனர்களின் டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, குறையைச் சரிசெய்து நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. கோடிக்கணக்கான வேறுபட்ட கணினிகளில் ஓட வேண்டிய ஒன்றில் எல்லாக் குறைகளும் முன்கூட்டியே பிடிபட்டுவிடுவதில்லை. உபுண்டுவைத் தயாரிப்பவர்களே இதை ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள்: ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பிலிருந்து அடுத்ததற்கு ஏறும் அழைப்பு, புதிய பதிப்பின் முதல் திருத்த வெளியீடு வந்த பிறகே பயனர்களுக்குக் காட்டப்படுகிறது. இரண்டு மூன்று மாதங்கள் காத்திருப்பது போதுமானது. ஆனால் இந்தக் காத்திருப்பு பெரும்பதிப்புகளுக்கு மட்டுமே உரியது; மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை வந்தவுடனே நிறுவிவிட வேண்டும்.

தேர்வு, ஒப்படைக்க வேண்டிய வேலை, வரிக் கணக்கு தாக்கல் செய்யும் வாரம் ஆகியவற்றுக்கு அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிறகு இரண்டு நாள்கள் ஓய்வாக இருக்கும் ஒரு நாளின் காலையில் தொடங்குவதே சரி.

படி 5: காப்பு நகலும் கையில் வைத்திருக்க வேண்டியவையும்

கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு ஏறும் முறையில் எதுவும் அழியக்கூடாது என்பதுதான் எதிர்பார்ப்பு. அப்படியிருந்தும், நடுவில் மின்சாரம் போகலாம், ஏற்கெனவே தளர்ந்திருந்த வட்டு அத்தனை கோப்புகளையும் எழுதும் பளுவில் அன்றைக்கே செயலிழக்கலாம். ஆகவே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முழு நகல் எடுக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. டாக்குமென்ட்ஸ், படங்கள், டெஸ்க்டாப் ஆகியவற்றோடு டவுன்லோட்ஸ் கோப்புறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகள் பலருக்கும் அங்கேதான் தேங்கிக் கிடக்கின்றன. மின்னஞ்சலை மென்பொருளில் இறக்கிவைத்துப் படிப்பவர்கள் அதன் சேமிப்புக் கோப்பையும், உலாவியில் புத்தகக்குறிகள் வைத்திருப்பவர்கள் அவற்றையும் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

நகல் எடுத்தாயிற்று என்று திரையில் வந்தால் வேலை முடிந்துவிடவில்லை. அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் செருகி, பழைய படம் ஒன்று, பெரிய காணொளி ஒன்று, அண்மையில் திருத்திய ஆவணம் ஒன்று என மூன்றைத் திறந்து பாருங்கள். மூன்றும் திறந்தால் நகலை நம்பலாம். மேக்கில் அதோடு வரும் காப்பு நகல் வசதியான டைம் மெஷின் இந்த வேலையை எளிதாக்குகிறது. அங்கே ஏறிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் கிடையாது, வட்டைத் துடைத்துத்தான் திரும்ப வேண்டும் என்பதால் நகலின் தேவை இன்னும் கூடுதல்.

விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். பயாஸில் செய்யும் சிறு மாற்றம்கூட அடுத்த தொடக்கத்தில் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கவைக்கலாம். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதையும் மீட்க இயலாது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி, கணினிக்கு வெளியே வையுங்கள். கட்டணம் செலுத்தி வாங்கிய மென்பொருள்களின் உரிம எண்களையும், வைஃபை கடவுச்சொல்லையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 6: நிறுவும் நாள்

இப்போதைய பதிப்புக்கு நிலுவையில் உள்ள திருத்தங்களை முதலில் நிறுவி, கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்குங்கள். வட்டில் குறைந்தது 30 ஜிபி காலியிடம் இருக்கட்டும். பிரிண்டர், வெளி டிஸ்க் போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள்; காப்பு நகல் உள்ள டிஸ்க் செருகியபடியே இருப்பது ஆபத்து. லேப்டாப் என்றால் மின்னூட்டியைச் செருகியே வையுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் புதிய பதிப்புக்கான அழைப்பு இருந்தால் அதன் வழியாகவே போவது பாதுகாப்பானது. உங்கள் மாடலில் குறை ஒன்று கண்டறியப்பட்டிருந்தால் அது தீரும்வரை மைக்ரோசாஃப்ட் அந்த அழைப்பை நிறுத்திவைக்கும். தகுதியிருந்தும் அழைப்பு வராமல் இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் வேறு வழியில் வலிந்து நிறுவ வேண்டாம்.

நிறுவல் நடக்கும்போது திரை கறுத்துப்போவதும், கணினி சில முறை தானாக அணைந்து தொடங்குவதும், விழுக்காடு ஒரே எண்ணில் நெடுநேரம் நிற்பதும் இயல்பானவை. வட்டு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை பொத்தானை அழுத்தி அணைக்காதீர்கள்.

படி 7: முதல் பத்து நாள்கள்

ஏறி முடிந்ததும் மூன்றாம் படியில் எழுதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்து அடையாளமிடுங்கள். நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்ற பக்கத்தில் கோ பேக் என்ற பொத்தான் பத்து நாள்களுக்கு மட்டுமே இருக்கும். அதற்குள் அழுத்தினால் உங்கள் கோப்புகளுக்குச் சேதமின்றிப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். ஏறிய பிறகு நிறுவிய மென்பொருள்களும் மாற்றிய அமைப்புகளும் மட்டும் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மென்பொருளையும் இந்தப் பத்து நாள்களுக்குள் ஒருமுறை திறந்து, ஒரு பக்கம் அச்சிட்டும் பார்த்துவிடுங்கள்.

முதல் ஓரிரு நாள்கள் கணினி மந்தமாக இருந்தால் பதற வேண்டியதில்லை. கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்துவது, டிரைவர்களை இறக்குவது போன்றவை பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால், வரைகலைக்கும் வைஃபைக்கும் உரிய புதிய டிரைவர்களைக் கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து நிறுவிப் பாருங்கள். அதிலும் தீராமல் அன்றாட வேலை தடைப்படுகிறது என்றால், பத்து நாள் முடிவதற்குள் திரும்பிவிடுங்கள். சில மாதங்கள் கழித்து அடுத்த திருத்தங்கள் வந்த பிறகு மறுபடியும் முயலலாம். பழைய பதிப்பின் ஆதரவு முடிந்துவிட்டிருந்தால், அந்த இடைவெளியில் நீட்டிக்கப்பட்ட திருத்தத் திட்டத்தில் பதிந்துகொள்வதை மறக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இயங்குகிறது என்றால், பழைய இயங்குதளத்தின் கோப்புகள் விண்டோஸ் ஓல்ட் என்ற கோப்புறையில் பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். பத்து நாளுக்குப் பிறகு அது தானாகவே நீக்கப்படும். இடம் போதாதவர்கள் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியின் டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்திலிருந்து முன்கூட்டியே நீக்கலாம். நீக்கிய பிறகு கோ பேக் பொத்தான் வேலை செய்யாது. வெளி டிஸ்க்கில் எடுத்த காப்பு நகலை மட்டும் இன்னும் சில மாதங்களுக்கு அழிக்காமல் வைத்திருங்கள்.